இடுப்பு மூட்டு அறுவைக்குப் பின்: நலமா என்பதை எப்படி அளப்பது?



இடுப்பு மூட்டு அறுவை முடிந்து வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்கப் போகிறோம். "இப்ப எப்படி இருக்கீங்க உம்மா?" என்று கேட்கிறோம். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன் வாப்பா" என்று பதில் வருகிறது. எந்த நிலையிலும் இறைவனைப் புகழ்வது நம் வழக்கம். அதனால் அந்தப் பதிலைக் கேட்டு நாமும் மகிழ்ந்து திரும்புகிறோம்.

ஆறு வாரம் கழித்து டாக்டரும் அதே கேள்வியைக் கேட்கிறார். உம்மா அதே பதிலைச் சொல்கிறார்கள். உடன் போன மகன், "நல்லா நடக்கிறாங்க டாக்டர்" என்கிறார். எக்ஸ்-ரேயில் மூட்டு அதன் இடத்தில் சரியாக இருக்கிறது. சீட்டில் "நலம்" என்று எழுதப்படுகிறது. ஆனால் இரவில் புரண்டு படுக்கும்போது வலியில் உம்மாவுக்கு விழிப்பு வருகிறது. கால் கழுவ மகளின் உதவி வேண்டியிருக்கிறது. வாசற்படி இறங்கப் பயமாக இருக்கிறது. இவற்றை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அறுவை வெற்றியா இல்லையா என்பதை எந்தக் கேள்விகளால் அறிவது, அவற்றை எப்போது கேட்பது, யார் பதில் சொல்வது என்பதே இந்தப் பாடம். அந்தப் பதில்களை எழுதி வைப்பது ஏன் மிக அவசியம் என்பதையும், நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு பார்ப்போம்.

யாருக்கு இந்த அறுவை?

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் போன்றது. தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். நம் வீடுகளில் இந்த மூட்டுக்கு அறுவை வருவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்.

முதலாவது, வயதானவர்கள் கீழே விழுவது. குளியலறை ஈரம், இருட்டில் தட்டிய வாசல்படி, கால் சுருட்டிய பாய் என்று காரணம் சிறிதாகவே இருக்கும். எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருப்பதால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிடுகிறது. அப்போது முறிந்த இடத்தில் ஆணியோ தகடோ வைத்துப் பொருத்துவார்கள். அல்லது பந்தை மட்டும் மாற்றுவார்கள். சிலருக்கு முழு மூட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பந்துக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு செத்துப்போவது. மேலை நாடுகளில் முழு மூட்டு மாற்றுவோரில் பெரும்பாலோர் முதுமைத் தேய்மானம் உடையவர்கள். நம் நாட்டில் இந்த இரத்த ஓட்டக் கோளாறே மிக முக்கியமான காரணம். அதனால் நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இங்கே மூட்டு மாற்ற வேண்டியிருக்கிறது. நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து, மதுப்பழக்கம், பழைய எலும்பு முறிவு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். நம் கடற்கரைக்கென்று ஒரு காரணமும் உண்டு. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சங்கு குளிப்பு தொடர்கிறது. அன்று மூச்சடக்கி மூழ்கினார்கள். இன்று பலர் கம்ப்ரசர் குழாயில் காற்று இழுத்துக்கொண்டு நெடுநேரம் ஆழத்தில் இருக்கிறார்கள். அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு, இடையிடையே நின்று மேலேறாமல் சட்டென்று மேலே வருபவர்களுக்கு இடுப்பிலும் தோளிலும் எலும்பின் தலை செத்துப்போவது உலகெங்கும் பதிவாகியுள்ளது. சங்கு குளிக்கும் இளைஞருக்குத் தொடைமடிப்பில் விடாத வலி இருந்தால் "வாயுப்பிடிப்பு" என்று தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

விழுந்த பெரியவருக்கும் வேலைக்குப் போக வேண்டிய இளைஞருக்கும் "நலம்" என்பதன் பொருள் ஒன்றல்ல. உம்மாவுக்குத் தன் தேவைகளைத் தானே பார்த்துக்கொள்வது நலம். இளைஞருக்குப் படகிலோ கடையிலோ துறைமுகத்திலோ வேலை செய்து வீட்டுக்குச் சம்பாதிப்பது நலம். ஆகவே அளவையும் அவரவர் வாழ்க்கையிலிருந்தே தொடங்க வேண்டும்.

திருப்தி வேறு, பலன் வேறு

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது சிலர் ஒரு தாளை நீட்டி, "சேவை திருப்தியா?" என்று கேட்பார்கள். நர்ஸ் அன்பாகப் பேசினாரா, அறை சுத்தமாக இருந்ததா, சாப்பாடு நேரத்துக்கு வந்ததா, பில் நியாயமாக இருந்ததா என்பவை அதில் இருக்கும். இவை தேவையான கேள்விகளே. நோயாளியை மரியாதையாக நடத்துவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. ஆனால் மூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது. அன்பான இடத்தில் சுமாரான பலனும் கிடைக்கலாம். கடுகடுப்பான இடத்தில் நல்ல பலனும் கிடைக்கலாம்.

எதிர்பார்ப்பும் திருப்தியை மாற்றிவிடும். "வலி போனால் போதும்" என்று போனவர் கைத்தடியோடு நடந்தாலும் திருப்தியாக இருப்பார். "பழையபடி தரையில் சம்மணம் போட்டு உட்காருவேன்" என்று நினைத்துப் போனவர் வலியே இல்லாமல் நடந்தாலும் ஏமாற்றம் அடைவார். இருவருடைய மூட்டும் ஒரே நிலையில் இருக்கலாம்.

இங்கிலாந்து அரசு மருத்துவச் சேவை 2009 ஏப்ரல் முதல், இடுப்பு மூட்டு மாற்றுவோரிடம் அறுவைக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் கேள்வித்தாள் கொடுத்து வாங்கத் தொடங்கியது. அந்தக் கணக்கு நமக்கு ஒரு நல்ல பாடம். இடுப்பைப் பற்றி மட்டும் கேட்கும் தாளில் நூற்றுக்குச் சுமார் 97 பேர் முன்னேறியிருந்தார்கள். நடமாட்டம், சுயதேவை, அன்றாட வேலை, வலி, மனக்கவலை ஆகிய ஐந்தையும் கேட்கும் பொதுத் தாளில் சுமார் 90 பேர் முன்னேறியிருந்தார்கள். "இன்று உங்கள் உடல்நலத்துக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?" என்ற ஒற்றைக் கேள்விக்கோ ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரே முன்பைவிடக் கூடுதலாகப் போட்டார்கள். மனிதர்கள் ஒன்றுதான், அறுவையும் ஒன்றுதான். கேள்வி மாறியதால் விடை மாறியது. சர்க்கரை, மூச்சிரைப்பு, மற்றொரு காலின் வலி, தனிமை ஆகியவற்றையெல்லாம் புதிய மூட்டு சரிசெய்யாது. எனவே ஒரே ஒரு கேள்வியை வைத்து "வெற்றி" என்றோ "தோல்வி" என்றோ சொல்லிவிடக் கூடாது.

முதல் வருட மகிழ்ச்சி போதாது

இன்று செய்யப்படும் மூட்டு மாற்றுக்கு வழி காட்டியவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஜான் சார்ன்லி. அவர் முதலில் கிண்ணத்தை டெஃப்லான் என்ற வழுவழுப்பான பொருளால் செய்தார். சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். வலியில் முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்த நாளில் "திருப்தியா?" என்று கேட்டிருந்தால் ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்றே சொல்லியிருப்பார்கள்.

சில வருடங்களில் டெஃப்லான் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள சதையையும் எலும்பையும் கெடுத்தன. சார்ன்லி தம் நோயாளிகளை விட்டுவிடாமல் தொடர்ந்து பார்த்து வந்ததால் அதைக் கண்டுகொண்டார். அந்தத் துகள் உடலுக்குள் என்ன செய்கிறது என்று அறியத் தம் தொடையிலேயே அதைச் செலுத்திப் பார்த்தார். கெட்டுப்போன மூட்டுகளைத் தாமே மறுபடி அறுவை செய்து எடுத்தார். 1962 நவம்பரில் வேறொரு பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றும் பெரும்பாலான கிண்ணங்களின் உட்பகுதி அந்த இனத்துப் பொருள்தான்.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆறு மாதத்தில் கேட்பது நடையைப் பற்றிச் சொல்லும். மூட்டின் ஆயுளைப் பற்றி அறிய ஐந்து வருடம், பத்து வருடம் கழித்தும் கேட்டாக வேண்டும். இதற்காகத்தான் சுவீடன் 1979-லேயே இடுப்பு மூட்டு மாற்றுக்கென்று நாடு முழுமைக்கும் ஒரு பதிவேடு தொடங்கியது. எந்த மூட்டு யாருக்குப் பொருத்தப்பட்டது, எப்போது மறுபடி மாற்ற நேர்ந்தது என்பது அதில் இருக்கும்.

பதிவு இல்லாததால் நம் நாட்டில் நடந்தது

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற பெயரில் ஒரு செயற்கை இடுப்பு மூட்டை விற்றது. பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். இளவயதினருக்கு நீடித்து உழைக்கும் என்று சொல்லப்பட்டது. நடக்க நடக்க உலோகம் உலோகத்தில் உரசி, கோபால்ட், குரோமியம் ஆகியவற்றின் நுண்துகள்கள் சதையிலும் இரத்தத்திலும் கலந்தன. பலருக்கு வலி, வீக்கம், சுற்றியுள்ள சதை அழிவு ஏற்பட்டது. மறுபடியும் அறுவை செய்ய வேண்டியதாயிற்று.

இதை முதலில் உரத்துச் சொன்னவை பதிவேடுகள். ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேட்டில், மற்ற மூட்டுகளைவிட இது அதிகமாக மாற்றப்படுவது தெரிந்தது. 2009 இறுதியில் அந்நாட்டில் விற்பனை நின்றது. இங்கிலாந்துப் பதிவேட்டின்படி ஐந்து வருடத்துக்குள் நூற்றுக்கு 12 முதல் 13 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. 2010 ஆகஸ்டில் நிறுவனம் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் இந்த மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. திரும்பப் பெறுவதாக அறிவித்தால் மட்டும் போதுமா? பொருத்திக்கொண்டவருக்குச் செய்தி போய்ச் சேர வேண்டுமே. மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் டாக்டர் அருண் அகர்வால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 2018-இல் வெளியானபோது, 3,600-க்கும் மேற்பட்ட நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்பது தெரிந்தது. குழு, பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரப் பரிந்துரைத்தது. அதே வருட இறுதியில் பாதிப்பின் அளவுக்கேற்ப 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை வழங்குவதற்கான கணக்கை அரசு ஏற்றது.

அந்த 3,600 பேரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தினர். வலி இருந்தும் "வயசாயிடுச்சு, இப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டவர்கள் அவர்களில் இருந்திருக்கலாம். தமக்குள் இருப்பது எந்த மூட்டு என்று தெரியாதவர்கள் இருந்திருக்கலாம். பரிசோதனையும் இழப்பீடும் இருந்தன. அவற்றைப் பெற வேண்டியவரைக் காட்டும் ஒரு தாள் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு பதிவேடு செய்த வேலையை, இங்கே ஒவ்வொரு வீடும் தன் அளவில் செய்துகொள்வதே பாதுகாப்பு.

பன்னிரண்டு கேள்விகள்

ஆக்ஸ்போர்டில் 1996-இல் உருவாக்கப்பட்ட "ஆக்ஸ்போர்டு இடுப்பு மதிப்பெண்" உலகெங்கும் பயன்படுகிறது. டாக்டர் பார்த்துச் சொல்வதைவிட நோயாளி தாமே சொல்வதை எண்ணாக மாற்றுவது அதன் சிறப்பு. கடந்த நான்கு வாரங்களை மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். அது கேட்கும் விஷயங்கள் இவை:

1. வழக்கமாக எவ்வளவு வலி
2. திடீரென்று சுரீர் என்று வரும் கடும் வலி
3. இரவில் படுக்கையில் வலி
4. வலி வருமுன் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது
5. நொண்டுதல்
6. மாடிப்படி ஏறுதல்
7. சாப்பிட்டு முடித்து நாற்காலியிலிருந்து எழுதல்
8. காரிலோ பஸ்ஸிலோ ஏறி இறங்குதல்
9. குளித்துத் துடைத்துக்கொள்ளுதல்
10. காலுறை மாட்டுதல்
11. தனியாகக் கடைக்குப் போய்வருதல்
12. வீட்டுவேலை உட்பட அன்றாட வேலைக்கு வலி எவ்வளவு தடையாகிறது

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மிக மோசம் என்றால் 0, சிரமமே இல்லை என்றால் 4. மொத்தம் 48. பொதுவாக 20-க்குக் கீழே கடுமையான பாதிப்பு, 20 முதல் 29 வரை நடுத்தரம், 30 முதல் 39 வரை லேசானது, 40-க்கு மேல் நல்ல நிலை என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அறுவைக்கு முன் ஒருவர் 14 எடுத்தார். ஆறு மாதம் கழித்து 37. கூடியது 23. இது நல்ல பலன். ஒரு வருடத்தில் 38. ஓரிரு எண் ஏறி இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டாம் வருடம் 29 என்று இறங்கினால்? எண் 14-ஐவிட அதிகம்தான், அவரும் "முன்னைக்கு இப்ப பரவாயில்லை" என்றுதான் சொல்வார். ஆனால் 38-லிருந்து 29-க்கு இறங்கியது டாக்டரிடம் போக வேண்டிய செய்தி. முந்தைய எண்கள் எழுதியிருந்தால்தான் இது கண்ணில் படும். அறுவைக்கு முன் எடுத்த எண் இல்லாவிட்டால் பலனை அளக்கவே முடியாது என்பதையும் கவனியுங்கள்.

நம் வாழ்க்கைக்கான கேள்விகள்

அந்தத் தாள் ஆங்கிலேயர் வாழ்க்கையிலிருந்து வந்தது. காலுறை மாட்டுவது நம் உம்மாவுக்குப் பொருந்துமா? அவர்களுக்குச் செருப்பு மாட்டுவதையும் கால் விரல்களைக் கழுவுவதையும் கேட்கலாம். அந்தத் தாளில் இல்லாத சில கேள்விகளை நாம் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றைப் பன்னிரண்டோடு கூட்டாமல் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

தொழுகை: நின்று தொழ முடிகிறதா? ருகூவு குனிய முடிகிறதா? ஸஜ்தா, அத்தஹிய்யாத்து இருப்பு முடிகிறதா, நாற்காலி வேண்டியிருக்கிறதா?

ஒளு: பள்ளி ஹவுளின் தாழ்ந்த திண்டில் உட்கார்ந்து எழ முடிகிறதா, குழாயடியில் நின்று செய்ய வேண்டியிருக்கிறதா? கால் கழுவ மற்றவர் உதவி வேண்டுமா?

கழிப்பறை: மேற்கத்திய முறைக் கழிப்பறை வீட்டில் இருக்கிறதா? தனியாகப் போய் வர முடிகிறதா?

தரை: பாயில் உட்கார்ந்து எழ முடிகிறதா? கல்யாண வீட்டில் சஹனில் உட்கார முடிகிறதா?

வெளியே போதல்: திருச்செந்தூர் பஸ்ஸின் உயரமான படியில் ஏற முடிகிறதா? ஜனாஸா வீட்டுக்கும் சொந்தபந்தம் பார்க்கவும் போய் வருகிறார்களா?

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. இவை கேட்டு எழுதுவதற்கான கேள்விகள். பதில் அறிவதற்காகக் குத்தவைத்துப் பார்க்கவோ, தரையில் உட்கார்ந்து பார்க்கவோ கூடாது. மூட்டு மாற்றிய முதல் வாரங்களில் இடுப்பை அதிகம் மடக்கினாலும், காலை உள்பக்கம் திருப்பினாலும், கால்மேல் கால் போட்டாலும் பந்து கிண்ணத்திலிருந்து நழுவிவிடலாம். எதை எப்போது செய்யலாம் என்பது பொருத்திய மூட்டையும் அறுவை செய்த வழியையும் பொறுத்தது. அறுவை செய்த டாக்டர் அனுமதித்த பிறகே முயல வேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கேள்விகளை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். "என் உம்மா மறுபடி ஸஜ்தா செய்ய முடியுமா? தரையில் உட்காரலாமா?" என்று நேராகக் கேட்டால் நேரான பதில் கிடைக்கும். முன்பே தெரிந்துகொண்டால் பின்னால் வரும் ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

விழுந்து எலும்பு முறிந்தவர்களுக்கு

இவர்களுக்கு அளவு சற்று வேறு. விழும் நாள் வரை நன்றாக நடந்தவரிடம் "அறுவைக்கு முன் எத்தனை மதிப்பெண்" என்று கேட்பதில் பொருளில்லை. விழுவதற்கு முந்தைய வாரம் எப்படி இருந்தார்கள் என்பதே ஒப்பீடு. தனியாக நடந்தார்களா, கைத்தடி இருந்ததா, கடைக்குப் போனார்களா என்று அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோவதாகப் பல நாடுகளின் கணக்குகள் சொல்கின்றன. படுக்கையிலேயே கிடப்பதால் வரும் நுரையீரல் தொற்று, படுக்கைப்புண், இரத்தக் கட்டி, உணவு குறைதல் ஆகியவை இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே இங்கே முதல் கேள்வி எவ்வளவு சீக்கிரம் அறுவை நடந்தது என்பது. இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். "வெளியூர் மகன் வரட்டும்", "முதலில் எண்ணெய்க் கட்டு போட்டுப் பார்ப்போம்" என்று நாட்களைக் கடத்துவது உயிரோடு விளையாடுவது. இரண்டாவது கேள்வி, அறுவைக்கு மறுநாளே எழுந்து உட்கார வைத்தார்களா, நிற்க வைத்தார்களா என்பது. மூன்றாவது, நான்கு மாதம் கழித்து எங்கே இருக்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்பது. நான்காவது, எலும்பு வலுவுக்கும் மறுபடி விழாமல் இருக்கவும் சிகிச்சை தொடங்கியதா என்பது. ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் அபாயம் அதிகம்.

பதில் சொல்ல வேண்டியவர் யார்?

நோயாளிதான். மகன் சொல்வது அவர் பார்த்தது மட்டுமே. இரவு வலியும் குளியலறைச் சிரமமும் அவர் கண்ணில் படுவதில்லை. மகன் முன்பும் ஆண் டாக்டர் முன்பும் கழிப்பறை விஷயத்தைச் சொல்ல நம் பெண்களுக்குக் கூச்சம் இருக்கும். மகளோ ராத்தாவோ தனியாக உட்கார்ந்து கேட்டு எழுதி, அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டினால் போதும். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல, திருத்தாமல், "அவ்வளவு வலி இருக்காது உம்மா" என்று குறைக்காமல் எழுத வேண்டும்.

வலியைச் சொன்னால் பொறுமை குறைந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். சிகிச்சை தேடுவது நம் மார்க்கம் அனுமதித்த வழி. சிகிச்சை தருபவரிடம் உண்மை நிலையைச் சொல்வதும் அதில் அடங்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, "ஆனா ராத்திரியில தூக்கம் வர மாட்டேங்குது டாக்டர்" என்றும் சொல்லலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அறுவைக்கு முந்தைய வாரம், ஆறு வாரம், ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு வருடம் ஒருமுறை என்று பன்னிரண்டு கேள்விகளின் எண்களையும் நம் கேள்விகளின் பதில்களையும் தேதியோடு எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எழுத ரமலானுக்கு முந்தைய வாரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பொருத்தப்பட்ட மூட்டின் பெட்டியில் ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். நிறுவனம், மாடல், அளவு, தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தச் சீட்டையோ அதன் நகலையோ கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்த அறுவையானாலும் கேட்கலாம். செல்போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். மருத்துவமனையில் கொடுத்த போன் நம்பர் மாறினால் அங்கே தெரிவியுங்கள்.

பிசியோதெரபி பயிற்சி தினமும் நடந்ததா என்பதையும் எழுதுங்கள். பயிற்சி செய்யாமல் மூட்டைக் குறை சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் வசதி உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சில அடையாளங்களுக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. காயத்தில் நீர் அல்லது சீழ், காய்ச்சல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால் திடீரென்று குட்டையாகித் திரும்பிக்கொள்ளுதல், எழுந்து நிற்கவே முடியாத வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வருடங்கள் கழித்துத் தொடைமடிப்பில் புதிதாக வலி தொடங்கினாலும் காட்ட வேண்டும்.

குடும்பமாக உட்கார்ந்து பேச

1. நம் வீட்டில் மூட்டு மாற்றியவர் யார்? அவருக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் மூட்டு என்று நம்மில் யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் அந்த மருத்துவமனையில் இந்த மாதமே கேட்க யார் போவது?

2. அவரிடம் கடைசியாகத் தனியாக உட்கார்ந்து, இரவு வலியையும் கழிப்பறைச் சிரமத்தையும் கேட்டது எப்போது?

3. அவர் அறுவைக்கு முன் எதை மிகவும் விரும்பினார்? நடப்பதையா, ஸஜ்தாவையா, வேலைக்குப் போவதையா? அது கிடைத்ததா?

4. நம் வீட்டுக் குளியலறையிலும் வாசலிலும் பெரியவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கிறதா?

பன்னிரண்டு கேள்விகளையும் இன்றிரவே ஒருமுறை கேட்டு எழுதிப் பாருங்கள். கால் மணி நேரம் ஆகும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டை மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.